கொண்டாப்பூருக்குப் போன தக்காளிக்காய்

ஹைதராபாத்துக்குப் போகிறவர்கள் சார்மினாரைப் பார்ப்பார்கள், பிரியாணி தின்பார்கள், முத்துமாலை வாங்கி வருவார்கள். நான் போனது அடுத்தவர்களின் காய்கறிப் பையை எட்டிப் பார்க்க.

ஆரணிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கிணற்றுப் பாசனம். சில வருடங்களாக நானும் என் வீட்டுக்காரரும் விளைந்த காயை மண்டிக்குப் போடாமல், வேலூரில் காட்பாடி ரோட்டு டீச்சர் வீட்டையும் சேர்த்துச் சில குடும்பங்களுக்கு நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கொத்தவரங்காய் காய்த்துத் தள்ளும் மாதத்தில், "இந்த வாரமும் கொத்தவரங்காயா?" என்று முகம் சுளிப்பார்கள். காய் குறைந்துபோன மாதத்தில் போனையே எடுக்க மாட்டார்கள். அந்த மாதம் அவர்களுக்கு சூப்பர் மார்க்கெட். மிஞ்சியதையெல்லாம் மாட்டுக்குப் போட்டுப் போட்டு எங்கள் மாடுகளுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

இந்த நேரம் பார்த்து ஆரணி மண்டிக்காரர் ஒருவர், மொத்தத்தையும் தனக்கே போட்டுவிடச் சொல்லி ஆள்மேல் ஆள் அனுப்பினார். என் வீட்டுக்காரருக்கு அதில் பாதி மனசு. எனக்குக் கால் மனசுகூட இல்லை.

"சரி, நீ போயி அந்த ஐதராபாத்துக் கதையைப் பார்த்துட்டு வா. நம்மளால ஆகும்னா செய்வோம். ஆகாதுன்னா வாய மூடிக்கினு மண்டிக்குப் போட்டுடணும், சரியா?" என்றார்.

சரி என்றேன். ஆகும் என்று சொல்வதற்குத்தான் போகிறேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஹைதராபாத்துக் கதை என்றது என் சித்தி மகள் கஸ்தூரி சொன்ன கதையை. அவள் இருப்பது மௌலா அலியில். அவள் கணவர் செல்வம் ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார்; அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்து அங்கேயே தங்கிப்போன குடும்பம். கஸ்தூரி அங்கே ஒரு பண்ணையில் பங்குதாரராகச் சேர்ந்திருந்தாள். பருவம் தொடங்கும்போதே குடும்பங்கள் பண்ணையில் சேர்ந்துவிட வேண்டும். பிறகு வாராவாரம் நிலம் என்ன கொடுக்கிறதோ அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். நன்றாக விளைந்தால் பை நிறையும். விளையாவிட்டால் இருப்பதுதான் வரும். யாரும் மூச்சுவிடக் கூடாது. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை செகந்திராபாத்தில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே இரானி டீ குடித்தேன். டீ என்று பெயர்தானே தவிர அது பாயசத்துக்குப் பெரியப்பா. கூட வந்த உஸ்மானியா பிஸ்கட்டில் இனிப்பும் உப்பும் சேர்ந்து இருந்தது. நம்மூர் டீக்கடையில் இப்படி ஒரு பிஸ்கட் கொடுத்தால் கைதவறி உப்பு விழுந்துவிட்டது என்று சண்டைக்குப் போவோம். நான் இரண்டாவது பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோக்காரரிடம் மௌலா அலி என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் மௌலா அலி மலையடிவாரத்தில், தர்காவுக்கு ஏறும் படிக்கட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டார். கையில் கேழ்வரகு மாவு மூட்டை, தோளில் துணிப்பை. என் கோலத்தைப் பார்த்து நேர்த்திக்கடனுக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் சொன்னேன். "அதை முதலிலேயே சொல்வதற்கென்ன அம்மா" என்று அவருடைய உருதுவில் அங்கலாய்த்தபடி வண்டியைத் திருப்பினார்.

கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னாக்கா, இத்தினி நேரம்?"

"மலையேறி சாமி கும்பிட்டுட்டு வரேன்" என்றேன்.

அவள் மகள் நிவேதாவிடம் தமிழில் ஏதாவது கேட்டால் இந்தியில் பதில் வந்தது. தோசை வேண்டுமா என்றால் "நக்கோ பெரியம்மா" என்றாள். வேண்டாம் என்பதற்கு இவ்வளவு அழகான சொல் இருப்பது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரிடம் பேச உதவும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வானம் ஒரு மாதிரி மஞ்சளாக மாறியது. நாள் முழுக்க அனலடித்த ஊர், காற்று வீசியதும் ஜில்லென்று ஆனது. ஆகா என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பிறகு தகரக்கூரையில் யாரோ ஜல்லியைக் கொட்டியது போல ஒரு சத்தம். ஆலங்கட்டி மழை! நிவேதா தம்ளரை எடுத்துக்கொண்டு பொறுக்க ஓடினாள். நானும் சின்னப் பெண்ணாட்டம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அக்கா, தோட்டம்" என்றாள்.

அதற்குமேல் எனக்கும் அது இனிக்கவில்லை. விவசாயம் பார்க்கிறவள் ஆலங்கட்டியை ருசித்துக்கொண்டு நின்றேனே என்று வெட்கமாக இருந்தது. பண்ணை இருப்பது ஊருக்கு வெளியே, கீசராவைத் தாண்டி. கஸ்தூரி திரும்பத் திரும்பப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பஸ்ஸைப் பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோவுக்கு மாறினோம். ஓட்டுநரின் இரண்டு பக்கமும் ஆள், பின்னால் எங்களோடு ஒரு சீர்வரிசை பீரோவின் கதவு. பீரோ எங்கே என்று கேட்டேன். அது முன்னால் போன ஆட்டோவில் போகிறதாம். பாதி வழியில் வேப்பமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. இறங்கி நடந்தோம். வழியெல்லாம் மாம்பிஞ்சு கொட்டிக்கிடந்தது. யாரும் அதைப் பொறுக்கக்கூட இல்லை. அத்தனை கிடந்தது.

பண்ணைக்காரர்கள் சுஜாதாவும் அவள் கணவர் மல்லேஷும். சுஜாதாவுக்கு என்னைவிடச் சில வயது குறைவாக இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "வாங்க அக்கா" என்று என் கையைப் பிடித்து வரப்பு வழியே கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் ஊர்ப்பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் இருப்பதால் எனக்குப் பாதி புரியும். மீதியைக் கஸ்தூரி சொன்னாள்.

தக்காளிச் செடிகள் குச்சியாக நின்றன. பழுக்க இன்னும் ஒரு வாரம் இருந்த காய்கள் செடிக்கடியில் பச்சைப் பசேலென்று உதிர்ந்து கிடந்தன. கத்திரியில் இலையெல்லாம் ஓட்டை. புடலைப் பந்தல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. புளிச்சக்கீரை, அதுதான் அவர்களுடைய கோங்குரா, பாதி தலை சாய்ந்தும் பாதி நிமிர்ந்தும் நின்றது. அது அந்நியர் நிலமாகவே எனக்குத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொண்டாப்பூருக்குப் பை போக வேண்டிய நாள். இவர்களுடைய பங்குக் குடும்பங்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அதோடு, அடுத்த பருவத்துக்கு யார் யார் தொடர்கிறார்கள் என்று சொல்லவேண்டிய நாளும் அதுவே. குடும்பங்கள் தொடர்ந்தால்தான் சுஜாதா அடுத்த நாற்றுவிட முடியும். இல்லாவிட்டால் அவர்களும் என்னைப்போல மண்டியின் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மதியம் களத்து நிழலில் சாப்பாடு. சோள ரொட்டி, கோங்குரா தொக்கு, சோற்றுக்குப் பச்சிப் புலுசு. பச்சிப் புலுசு என்பது அடுப்பே ஏறாத ரசம். புளியைக் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டு அப்படியே ஊற்றிவிட்டார்கள். ரசத்தை அடுப்பில் வைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வெயிலுக்கு அது தொண்டையில் இறங்கிய சுகம் இருக்கிறதே, ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் செய்துபார்த்தேன்.

சாப்பிடும்போது கஸ்தூரிதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒண்ணு பண்ணலாம் சுஜாதா. விடியக்காலை போயன்பள்ளி மார்க்கெட்ல நல்ல தக்காளியா, வெண்டையா வாங்கிப் பையில போட்டுடலாம். ஒரு வாரம்தானே? யாருக்குத் தெரியப்போவுது?"

மல்லேஷ் உடனே தலையாட்டினார். பாவம், அந்த மனிதர் முந்தின நாளிலிருந்து சாப்பிடாதவர் போல இருந்தார். நானும், "அதுதான் சரி" என்றேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பையை நிறைத்து ஆளைத் தக்கவைத்துக்கொள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் புத்தி.

சுஜாதா ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னாள். "மார்க்கெட் காயைத் தின்பதற்கு அவர்களுக்கு நான் எதற்கு? அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே மார்க்கெட் இருக்கிறது."

"ஆளுங்க போயிட்டா?" என்றேன் நான்.

"போனால், யார் போகிறவர்கள், யார் இருக்கிறவர்கள் என்றாவது தெரியும். இப்போது அதுவும் தெரியாமல் அல்லவா பயிர் வைக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் கோபமும் வந்தது. வீம்பு பிடித்தவள், குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப்போகிறாள் என்று கஸ்தூரியிடம் தமிழில் முணுமுணுத்தேன். சுஜாதாவுக்குப் புரிந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு கூடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். வாதம் முடிந்தது. பொழுது சாயும்வரை நாங்கள் நாலு பேரும் குனிந்து தக்காளிக்காய் பொறுக்கினோம். அடிபட்டதைத் தனியே, அடிபடாததைத் தனியே போட்டோம். கீரையில் நல்ல இலையாகக் கிள்ளினோம். மாங்காயும் பொறுக்கினோம். முதுகு விண்டுபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. அடிபட்ட தக்காளிக்காயில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். எள், உளுந்து, காய்ந்த மிளகாய் வறுத்து, காயை வதக்கி, பெரிய தூக்கு நிறையத் துவையல் அரைத்தேன். "இத வாயில வெச்சவன் தக்காளிக்காய வேணான்னு சொல்லட்டும் பார்ப்போம்" என்றேன். கஸ்தூரி சிரித்தாள். செல்வம் தம்பி துவையலை ருசி பார்த்துவிட்டு, "ஹவ் அண்ணி, இதுக்கே எல்லாரும் சேர்ந்துடுவாங்க" என்றார். ஹவ் என்றால் அந்த ஊரில் ஆமாம். எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நம்மூரில் குட்டியானை என்போமே, அந்தச் சின்ன சரக்கு வண்டியில் மல்லேஷும் சுஜாதாவும் முன்னால், நானும் கஸ்தூரியும் பின்னால் கூடைகளுக்கு நடுவே. மௌலா அலி ஊரின் ஒரு கோடி என்றால் கொண்டாப்பூர் மறு கோடி. நடுவில் மேம்பாலம் மேம்பாலமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் மல்லேஷ் தவறி ஏறிவிட்டார். ஆரணியில் வழி தப்பினால் யாராவது ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தித் திட்டி வழி சொல்வார். இங்கே பாலம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போய் இறங்கி, திரும்பி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, கோங்குரா கட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி, ஏதோ ஊர்வலத்தில் வைத்த அம்மனைப்போல நான் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துக் காரில் இருந்த குழந்தை டாட்டா காட்டியது. நானும் காட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது அந்த அடுக்குமாடியின் வாசலில் குடும்பங்கள் காத்திருந்தன. அரைக்கால் சட்டைக்காரர்கள், குர்தா போட்ட பெண்கள், ஒரு நாய். சுஜாதா கூடைகளை இறக்கி வைத்தாள். பச்சை, பச்சை, மறுபடி பச்சை. சிவப்பாக ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டார்கள்.

"இவ்வளவுதான்" என்றாள் சுஜாதா. "ஆலங்கட்டி அடித்துவிட்டது. இன்னும் சில வாரங்களுக்குக் கீரை மட்டும்தான் வரும். மார்க்கெட்டில் வாங்கிக் கலக்க மாட்டேன்."

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேண்டாத காயை ஒரு பொதுக்கூடையில் போட்டுவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அன்று பங்கைப் பையில் வாங்கியவர்கள் நேராக அந்தக் கூடைக்குப் போய்த் தக்காளிக்காயைக் கொட்டினார்கள். கூடை மேடாகிக்கொண்டே போனது. நாங்கள் முதுகொடியப் பொறுக்கியது ஒவ்வொன்றும் என் கண்முன்னால் திரும்பி வந்து விழுந்தது. மல்லேஷ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நான் விடுவேனா? தூக்கைத் திறந்தேன். கஸ்தூரி கொண்டுவந்த ரொட்டித் துண்டுகளில் துவையலைத் தடவி ஒவ்வொருவர் கையிலும் திணித்தேன். தமிழ் பேசும் ஒருவர் வந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒன்றைத் தின்றார். இன்னொன்றைக் கேட்டு வாங்கினார்.

"பிரமாதமா இருக்குக்கா. எங்க அம்மா கைப்பக்குவம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப அடுத்த பருவமும் இருப்பீங்கல்ல?" என்றேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "இல்லக்கா. கோவிச்சுக்காதிய. வீட்டுல சின்னப்பிள்ள ரெண்டு இருக்கு. கீரைய மட்டும் வச்சு நான் எப்படி ஓட்ட? இவங்கமேல குத்தம் சொல்லல. எனக்குக் கட்டாது, அவ்வளவுதான்."

அவர் சொன்னது நியாயம்தான். என் துவையலை மூன்றாவது முறையும் வாங்கித் தின்றுவிட்டுப் பண்ணையிலிருந்து விலகிப் போனார்.

தொடர்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். கையெழுத்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. போன வாரத்துக் காலிப் பையை வண்டியின் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அதுதான் "இருக்கிறேன்" என்பது. விலகுகிறவர்கள் பையை மடித்துக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

மடித்த பைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. கம்பி வெறுமையாக இருந்தது. சிலர் சுஜாதாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு நழுவினார்கள். அவள் ஒருவரையும் கெஞ்சவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. இருங்களேன் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

பிறகு ஸ்வப்னா என்ற பெண் வந்தாள். தக்காளிக்காயை முதலில் கூடையில் கொட்டியவளே அவள்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துவையலையும் தொடவில்லை, காரம் ஆகாதாம். நேராகப் போய்ப் பையைக் கம்பியில் மாட்டினாள்.

என் வாய் சும்மா இருக்காதே. "காய வேணான்னு கொட்டிட்டீங்களே?" என்று கேட்டுவிட்டேன். கஸ்தூரி என் இடுப்பில் கிள்ளிவிட்டு அதைத் தெலுங்கில் சொன்னாள்.

ஸ்வப்னா என்னை விநோதமாகப் பார்த்தாள். "எனக்குப் பச்சைத் தக்காளி பிடிக்காது. அதற்காகப் பண்ணையை விட்டுவிடுவேனா? ஆலங்கட்டி என்ன இவர்களைக் கேட்டுவிட்டா பெய்தது?" என்றாள். சுஜாதாவிடம் நாற்று நடவு என்றைக்கு என்று விசாரித்தாள். ஆள் வேண்டுமென்றால் தானும் தங்கையும் வருகிறோம் என்றாள். கீரைக்கட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் மாட்டினார்கள். நாய்க்காரர் மாட்டினார். எல்லாரும் போனபின் பார்த்தால், கம்பியில் தொங்கியதைவிடக் கீழே மடித்துக் கிடந்தது அதிகம். சுஜாதா கம்பியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தாள். பிறகு மல்லேஷைக் கூப்பிட்டு, இத்தனை வீட்டுக்குக் கிணற்றடித் துண்டு நிலமே போதும், மேட்டு நிலத்தை இந்தப் பருவம் சும்மா விடலாம் என்றாள். மல்லேஷ் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தார். சரிதான் என்றார். இரண்டு நாளில் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அப்போதுதான். பொதுக்கூடையில் இருந்த தக்காளிக்காயை அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வந்து சிரித்துப் பேசியபடி அள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கஸ்தூரி வீட்டிலிருந்து ஊருக்குப் போன் செய்தேன்.

"மண்டிக்காரர் மறுபடி வந்துட்டுப் போனாரு. இன்னா சொல்லட்டும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லன்னு சொல்லுங்க."

"அங்க ஜனங்க அவ்ளோ நல்லவங்களா?"

"பாதிக்கு மேல போயிட்டாங்க."

"இன்னாடி சொல்ற? போயிட்டாங்கன்ற, மண்டி வேணான்ற?"

"போறவங்களுக்கும் சேர்த்துத்தான் நாம இத்தினி நாளா நட்டுக்கினு இருந்தோம். அதான் மாடு தின்னுது. இருக்கறவங்களுக்கு மட்டும் நட்டா போதும்."

"வேலூர்ல யாரு இருப்பாங்க?"

"தெரியல. ஊருக்கு வந்ததும் ஒவ்வொரு வீடா ஏறி எறங்கப் போறேன். ஒண்ணும் எடுத்துக்கினு போவமாட்டேன். ஒண்ணுமே வெளையாத வாரமும் எங்ககூட இருப்பீங்களான்னு வெறுங்கையோட நின்னு கேக்கப் போறேன்."

"எல்லாரும் மாட்டேன்னுட்டா?"

"அதையும் தெரிஞ்சிக்கினு வரேன்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மொதல்ல அந்தக் காட்பாடி ரோட்டு டீச்சர் வீட்டுக்குப் போலாம்" என்றார். "நானும் வரேன்."